மஸ்னாவின் உள்ளங்கையும் ஒரு பென்சில் கேள்வியும்

எங்கள் ஊருக்கு ஒரு பேயின் பெயர். பொந்தியானாக். தபால் முத்திரையிலேயே அப்படித்தான் இருக்கும். பிள்ளை பெறும்போது இறந்துபோன பெண் பொந்தியானாக் ஆகிறாள், வெள்ளை உடையும் முழங்கால் வரை முடியுமாக வந்து பச்சைக் குழந்தை இருக்கிற வீடுகளில் ரத்தம் குடிக்கிறாள் என்பது எங்கள் ஜனங்களின் நம்பிக்கை. ஊரைக் கட்டிய சுல்தான் படகில் நின்றபடியே பீரங்கி சுட்டு அவளைத் துரத்தினாராம். பேய் போனதோ இல்லையோ, பெயர் எங்களுக்கு ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் நோன்புப் பெருநாளுக்கு முந்திய மாலை கப்புவாஸ் ஆற்றின் இரு கரையிலும் மரப் பீரங்கிகள் வெடிக்கும். முழு மரத்தைக் குடைந்து, பிரம்பால் இறுக்கி, கார்பைடு போட்டுக் கொளுத்துவார்கள். ஒரு வருடம் அந்தச் சத்தத்தில் என் பெரியப்பாவின் பொய்ப்பல் கழன்று ஆற்றுக்குள் விழுந்தது. அடுத்த வாரம் மீன் சந்தையில் ஒரு கெளுத்தி அதைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தது. நம்பாதவர்கள் நேரே அடுத்த பத்திக்குப் போகலாம்.

அடுத்த பத்தியில் சஹரான் இருக்கிறார். பொய்யே இல்லாத மனிதர். ஆற்றைக் கடக்கும் பெரிய படகில் டிக்கெட் கிழிப்பது அவர் வேலை. ஒல்லியான உடம்பு, காதில் எப்போதும் ஒரு நீல மைப் பேனா, யார் எது சொன்னாலும் முதலில் ஒரு சிரிப்பு. குடும்பத்தில் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் ‘லோங்’. நான் எங்கள் வீட்டுக் கடைக்குட்டி, அதனால் எனக்கு ‘உசு’ என்று பெயர்; சின்னவர்களுக்கு ‘மாக் உசு’, உசு அத்தை. நடுநிலைப்பள்ளியில் மொழிப்பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். சாயங்காலங்களில் வீட்டு முன்ஜன்னலைத் திறந்து வைத்துப் புத்தகங்களை வாடகைக்கு விடுவேன்.

வாடகைப் புத்தகம் எடுப்பவர்களுக்கு எங்கள் ஊரில் ஒரு வியாதி உண்டு. படித்ததும் ஓரத்தில் எதையாவது கிறுக்காமல் இருக்க முடியாது. “இவன்தான் கொலைகாரன்” என்று பத்தாம் பக்கத்திலேயே எழுதி வைத்துவிட்டுப் போவார்கள். அந்தத் தொல்லை தாங்காமல், வாங்குகிற புத்தகம் ஒவ்வொன்றின் பின்னாலும் எட்டு வெள்ளைத் தாள்களை வைத்து நானே தைத்துவிடுவேன். என்ன திட்டுவதானாலும் அங்கே திட்டட்டும். அதற்குக் கீழே சிவப்பு மையில் நான் பதில் எழுதுவேன். சில பேர் கதையை விட்டுவிட்டு அந்தத் தாள்களைப் படிக்கவே வாடகை கொடுத்தார்கள். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் அது தேவைப்படும்.

லோங்கின் மனைவி பெயர் மஸ்னா. மகள் ரொபியா பிறந்த அன்றே மஸ்னா இறந்துபோனாள். பிள்ளையை மஸ்னாவின் அக்கா சாபேரா ஆற்றுக்கு அக்கரையில், சியந்தானில் இருந்த தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அதற்கு முன் மரக்கடையில் நல்ல வேலையில் இருந்த லோங், அதை விட்டுவிட்டுப் படகில் சேர்ந்தார். ஏன் என்று எல்லோரும் கேட்டார்கள். பதிமூன்று வருடம் கழித்துத்தான் எங்களுக்குப் புரிந்தது. ரொபியா பெரிய பள்ளிக்கூடம் படிக்க அந்தப் படகில்தான் இக்கரைக்கு வந்தாக வேண்டும்.

தினமும் காலையில் மகள் டிக்கெட்டை நீட்டுவாள், தகப்பன் கிழித்துக் கொடுப்பார். “தெரிமா காசி, பாக்” என்பாள், ‘நன்றி ஐயா’ என்று எல்லாரிடமும் சொல்வது போல. அவ்வளவுதான். பெருநாள் இரண்டாம் நாள் மட்டும் அவர் வீட்டுக்கு வருவாள். அவர் கையை எடுத்து முத்தமிட்டு, “அபா, உள்ளும் புறமும் மன்னிச்சிடுங்க” என்று எங்கள் வழக்கப்படி சொல்லிவிட்டு, வாசல் பக்கத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, அடுக்குக் கேக் ஒரே ஒரு துண்டு தின்றுவிட்டுப் போவாள். கால் மணி நேரம். அந்தக் கால் மணிக்காக அவர் முந்தின நாள் முழுக்க அடுப்பு முன்னால் உட்கார்ந்து, இருபது அடுக்கையும் ஒவ்வொன்றாக ஊற்றி ஊற்றிச் சுடுவார்.

“ஏன் லோங், கடையில வாங்கினா என்ன?” என்று கேட்டேன்.

“கடைக் கேக்கு பதினெட்டு அடுக்குதான், உசு. சீக்கிரம் தின்னு முடிச்சிடுவா.”

அப்போதுகூட அந்தச் சிரிப்பு.

என்னிடம் வாடகைக்கு எடுத்த பேய்க்கதைகளை எல்லாம் படித்து முடித்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வந்து ஜன்னலில் சாய்ந்துகொண்டு சொன்னார்: “ஒருத்தனுக்கும் பொந்தியானாக்கைப் பத்தித் தெரியல உசு. எல்லாரும் அவ என்ன குடிக்கிறான்னே எழுதறானுங்க. அவளுக்கு என்ன வலிக்குதுன்னு ஒருத்தனும் எழுதல.”

“அப்ப நீங்க எழுதுங்க.”

“எழுதிட்டேன்” என்று தோள்பையைத் திறந்தார். உபயோகித்த டிக்கெட் கட்டுகள். ஒவ்வொன்றின் பின்னாலும் நீல மையில் எறும்பு போல எழுத்து. ஒரு நாவலையே படகில் ஏற்றி ஏற்றி எழுதியிருந்தார். ஆயிரத்து நூறு டிக்கெட்டுகள். அதைப் பிரதியெடுக்க உட்கார்ந்தபோது, ஒவ்வொரு டிக்கெட்டிலும் யார் யார் காலையில் என்ன சாப்பிட்டுவிட்டு வந்தார்கள் என்ற வாசனைகூட எனக்குத் தெரிந்தது.

கதை இதுதான். மஸ்னா என்றொரு பொந்தியானாக். அவளுக்குக் கோரைப்பல் இல்லை. யார் ரத்தத்தையும் அவள் தொடுவதில்லை. மஃரிப் என்கிற அந்தித் தொழுகை நேரத்தில் ஆற்றோடு வந்து, தன் வீட்டின் கால்மரங்களுக்கு நடுவே இடுப்பளவு தண்ணீரில் நிற்பாள். தலைக்கு மேலே பலகைத் தரையில் அவள் குழந்தை அழும். அவளால் தூக்க முடியாது. செத்துப்போன பிள்ளைத்தாய்ச்சி பேயாகித் திரும்பாமல் இருக்க எங்கள் பக்கத்தில் ஒரு பழைய வேலை செய்வார்கள்: உள்ளங்கைகளில் ஊசி குத்துவது. ஊசி குத்திய கை விரியாது, விரியாத கையால் பறக்க முடியாது என்று கணக்கு. மஸ்னா பலகை இடுக்கு வழியாகக் கணவனிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்பாள். “ஊசியை எடுத்துவிடுங்கள்.” அவன் இருமிவிட்டு வானொலிச் சத்தத்தைக் கூட்டி வைப்பான். பெருநாள் மாலையில் பீரங்கி வெடித்ததும் அவள் கடல் வரைக்கும் விரட்டப்படுவாள். அங்கிருந்து நடந்து திரும்பி வர அவளுக்கு ஒரு வருடம் ஆகும். வந்து சேர்ந்த அன்று மறுபடியும் பீரங்கி.

கடைசிப் பக்கத்தில் கணவன் ஒரு தரைப்பலகையைப் பெயர்த்துக் கையைக் கீழே நீட்டுகிறான். அதோடு கதை நின்றுவிடும்.

“முடிவு எங்க லோங்?”

“அவ்வளவுதான்.”

“சரி, பேரையாவது மாத்துங்க. மஸ்னான்னு போட்டா ஊர் முழுக்கத் தெரிஞ்சிடும்.”

“மாத்திப் பார்த்தேன். பேரை மாத்தினா அவ வேற யாரோ ஆயிடறா. வேற யாரையோ பத்தி எழுத எனக்கு என்ன இருக்கு?” பேனாவைக் காதில் செருகிக்கொண்டார். “சின்னதுல ரொபியா என்கிட்ட கேட்டா, அம்மா எப்படிச் செத்தாங்கன்னு. காய்ச்சல்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அவ எதையும் கேக்கறதில்ல. இதைப் படிச்சா ஒருவேளை கேப்பா, உசு. கேட்டா நான் சொல்லுவேன்.”

அதற்குத்தான் அந்தப் புத்தகம். இத்தனை டிக்கெட்டும் ஒரே ஒரு வாசகிக்காக.

ஜகார்த்தாவில் ஒரு பதிப்பாளருக்கு அனுப்பினோம். எட்டு மாதம் கழித்து புத்தக மூட்டை வந்தது. இரண்டு பேருமாகப் பிரித்துப் பார்த்தோம். லோங் வைத்த தலைப்பு ‘ஊசி’. அட்டையில் இருந்ததோ ‘ரத்தவெறி மஸ்னா’. ஒரு பெண் இரண்டு கோரைப்பல்லோடு நாக்கை நீட்டிக்கொண்டு நின்றாள். ரவிக்கை ஒரு தோளில் இருந்து இறங்கி, மற்ற தோளையும் யோசித்துக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு நாய் அளவுக்கு வௌவால்.

“இது யாரு?” என்றார் லோங்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. “பதிப்பாளரோட மச்சினியா இருக்கும்” என்றேன். அன்றைக்கு மட்டும் அவர் சிரிக்கவில்லை.

புத்தகம் காட்டுத்தீ போலப் பரவியது. என் ஜன்னலில் இருந்த ஒற்றைப் பிரதிக்கு வரிசை கட்டி நின்றார்கள். பின்தாள்கள் ஒரே மாதத்தில் ஏறக்குறைய நிறைந்துவிட்டன. லோங் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்து, என் வீட்டு முன்பெஞ்சில் உட்கார்ந்து, பரீட்சைப் பேப்பர் திருத்துபவர் போல அதைப் படிப்பார்.

காப்பிக்கடை அகியோங் எழுதியிருந்தார்: “நூற்றெண்பது பக்கம். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. நீங்கள் வரவேண்டும் என்று என் கடையில் பன்றிக்கறி போடுவதில்லை, நான் குறை சொல்கிறேனா? ஆனால் ரத்தம் இல்லாத பேய்க்கதைக்கு நான் எதற்கு வரவேண்டும்?” நான் சிவப்பில் எழுதினேன்: “உங்கள் காப்பியில் காப்பி இருக்கிற அளவுக்கு இதில் ரத்தம் இருக்கிறது.”

பெயர் போடாத ஒரு ஆள்: “அட்டையில் இருக்கிற பெண் எத்தனையாவது பக்கத்தில் வருவாள்?” நான்: “நீ குளித்துவிட்டு வந்து படிக்கும் பக்கத்தில்.”

மதரசா ஆசிரியர் ஒருவர் அழகான கையெழுத்தில்: “இறந்தவர்கள் திரும்புவதில்லை. இது தவறான நம்பிக்கையைப் பரப்பும் நூல். ஒன்பதாம் அத்தியாயம் படித்துக்கொண்டிருந்ததில் எனக்கு மஃரிப் தவறிவிட்டது. அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.” இதற்குப் பதில் எழுத எனக்கே மனம் வரவில்லை.

ஒரு பெண்: “என் புருஷன் இதைப் படித்துவிட்டு, கல்யாணமாகி ஆறு வருடத்தில் முதல் தடவையாகக் குழந்தையின் துணியை ஆற்றில் அலசினார். இரண்டாம் பாகம் உடனே எழுதவும்.”

ஊரில் நூறு பேருக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி வான் சலேகா, கோணல் எழுத்தில்: “நான் நாலு பேருக்கு ஊசி குத்தியிருக்கிறேன். நாலு பேரின் பெயரும் ஞாபகம் இருக்கிறது. இந்த வருடம் ஹஜ்ஜுக்குப் போகிறேன். அங்கே போய் யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.” லோங் அந்தப் பக்கத்தில் வெகுநேரம் விரல் வைத்துக்கொண்டிருந்தார்.

பீரங்கிக்காரர்கள் எழுதவில்லை. நேரிலேயே வந்துவிட்டார்கள். எங்கள் கரைப் பீரங்கிக் குழுவின் தலைவர் ருஸ்தாம், தோளில் பிரம்புச் சுருளோடு வந்து நின்றார்.

“ஏய் லோங்! எங்க தாத்தா காலத்துலேர்ந்து பேயை விரட்டறோம். நீ என்னமோ நாங்க ஒரு பொம்பளையை அடிச்சுத் துரத்தற மாதிரி எழுதியிருக்கியே?”

“பேயும் பொம்பளைதானே, ருஸ்தாம்.”

“என் பொண்டாட்டி இப்ப கார்பைடு வாங்கக் காசு தர மாட்டேங்கறா. ‘அந்த மஸ்னா பாவம்’ங்கறா. உன்னால எங்க வீட்டுல சோறு தாமதமா வருது!”

“சோறு தாமதமானா என்ன, உங்க பீரங்கி என்னைக்கு நேரத்துக்கு வெடிச்சிருக்கு?” என்று நான் உள்ளே இருந்து குரல் கொடுத்தேன். கூட்டம் சிரித்தது. ருஸ்தாமும் சிரித்துவிட்டார். போகும்போது லோங்கின் தோளில் கை வைத்து, சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, “நெஜமாவே அவளுக்குக் கேக்குமாடா?” என்றார்.

இக்கரையில் இப்படி. அக்கரைக்கோ கதை போய்ச் சேரவில்லை, அட்டை மட்டும்தான் போய்ச் சேர்ந்தது. சியந்தான் சந்தையில் புத்தகத்தைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். மஸ்னா என்ற பெயரைப் பார்த்ததும் அது யார் என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆசிரியர் பயிற்சியில் இருந்த ரொபியாவைப் பார்த்து, “ரத்தவெறி மகள் வர்றா, கழுத்தை மூடிக்கோ” என்று சொன்னார்களாம். சாபேரா படகுத்துறைக்கே வந்து, அத்தனை பேர் நடுவில் லோங்கின் முகத்துக்கு நேராகக் கத்தினாள்.

“ஒரு தடவை குத்தினது போதாதா? செத்தவளை இப்ப துணி இல்லாம சந்தையில தொங்க விட்டியே! உனக்குக் கூச்சமே இல்லையா?”

“நீங்க உள்ள படிச்சீங்களா, அக்கா?”

“உள்ள வேற இருக்கா!” என்று துப்பிவிட்டுப் போனாள்.

மறுநாளிலிருந்து ரொபியா படகில் வரவில்லை. சின்ன ஓடத்தில் தனியாகக் கடந்தாள். அந்தப் பெருநாள் இரண்டாம் நாள் அடுக்குக் கேக்கு இருபது அடுக்கோடு தட்டில் இருந்தது. நான் போனபோது மதியம் தாண்டிவிட்டது. ஈ மொய்க்காமல் அதன் மேல் ஒரு பிரதியைக் கவிழ்த்து வைத்திருந்தார்.

“அட்டையைப் பார்த்து வெறுத்திருப்பா, உசு. உள்ள படிச்சிருக்க மாட்டா. படிச்சிருந்தா வந்திருப்பா.”

“ஆமா, படிச்சிருக்க மாட்டா” என்று நானும் சொன்னேன். அந்த நினைப்பில்தான் அவர் அதற்குப் பிறகு வாழ்ந்தார். பிழைப்புக்கு ஒரு நினைப்பு வேண்டுமே.

இப்போது என் தலைக்கனத்துக்கு வருகிறேன்.

அந்தப் பெருநாளுக்குச் சில வாரம் முன்னால், பின்தாள்களில் ஏழாவது தாளில், பென்சிலில் ஒரே ஒரு வரி இருந்தது. மெல்லிய எழுத்து, அழுத்தமே இல்லாமல். “கடைசியில் ஊசியை எடுத்தானா, இல்லையா?”

யாரோ பள்ளிக்கூடப் பெண் என்று நினைத்தேன். எனக்கு அன்றைக்கு நல்ல உற்சாகம். சில சமயம் வேடிக்கைக்காக, கதையை எழுதியவரே எழுதுவது போல ‘ஆசிரியர்’ என்று கையெழுத்துப் போட்டுப் பதில் எழுதுவேன். சிவப்பு மையில் எழுதினேன்: “எடுத்திருந்தால் இன்னும் இருபது பக்கம் எழுத வேண்டும். எனக்குச் சோம்பல். எடுக்கவில்லை. - ஆசிரியர்.”

அந்த வாரம் திங்கட்கிழமை டயாங் என்ற பெண் அதே புத்தகத்தை மறுபடியும் எடுத்துக்கொண்டு போய், புதன்கிழமையே கொண்டுவந்து வைத்துவிட்டாள். “ஏண்டி, ஏற்கெனவே படிச்சியே?” என்றேன். “சிநேகிதி ஒருத்தி கேட்டா, மாக் உசு” என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

வெள்ளிக்கிழமை லோங் வந்து அந்தப் பக்கத்தைப் படித்தார். என் பதிலுக்குச் சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. மறுபடியும் பென்சில் வரியைப் படித்தார்.

“இத்தனை பேர்ல இவ ஒருத்திதான் சரியான கேள்வி கேட்டிருக்கா. இதுக்கு நானே எழுதறேன், உசு.”

காதிலிருந்து பேனாவை எடுத்தார். திரும்ப வைத்தார். மறு வெள்ளிதான் எழுதினார், என் சிவப்புக்குக் கீழே, நீல மையில், அதே எறும்பு எழுத்து:

“ஒரு கையில் எடுத்தேன். மற்ற கைக்கு வருவதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். மூடிவிட்டார்கள். அதனால்தான் முடிவு எழுதவில்லை.”

எடுத்தான் என்று எழுதவில்லை. எடுத்தேன். நான் அவரையே பார்த்தேன்.

“நெஜமா, லோங்?”

அன்றைக்குத்தான் சொன்னார். மஸ்னாவைக் குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றியாயிற்று. முகத்தை மட்டும் மூடவில்லை. சாபேரா உள்ளங்கையில் இரண்டு ஊசிகளை வைத்துக்கொண்டு அவரிடம் வந்தாள். குழந்தையின் நல்லதுக்கு, செய்யட்டுமா என்று கேட்டாள். பக்கத்து அறையில் பச்சைக் குழந்தை அழுதுகொண்டிருந்தது. அவருக்கு இருபத்து மூன்று வயது. தலையாட்டினார்.

“தலையாட்டினேன் உசு. வாயைத் திறந்துகூடச் சரின்னு சொல்லல. அப்புறம், கடைசியா ஒருக்கா பார்த்துக்கடான்னு பொம்பளைங்க எல்லாரும் வெளிய போனாங்க. துணியைத் தளர்த்தி ஒரு கையை எடுத்தேன். ஊசி சுலபமா வரல. வந்ததை எங்க வைக்கிறதுன்னு தெரியாம சட்டைக் காலர்ல குத்திக்கிட்டேன். மத்த கையைத் தேடறதுக்குள்ள இமாமும் ஆம்பளைங்களும் உள்ள வந்துட்டாங்க. நான் வெக்கப்பட்டு விலகி நின்னேன். ஒரு வாய் சொல்லியிருக்கலாம், ‘இருங்க, இன்னும் ஒண்ணு இருக்கு’ன்னு. சொல்லல.”

என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த நாட்களில் அதுவும் ஒன்று.

அதற்குப் பிறகு லோங்குக்கு இரண்டு காத்திருப்பு. பெருநாள் இரண்டாம் நாள் மகளுக்காக. வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கேள்விக்காரிக்காக. பெஞ்சில் உட்கார்ந்ததும் முதல் வார்த்தை, “பென்சில் வந்துச்சா, உசு?” என்பதாகத்தான் இருக்கும்.

“வரல லோங். கல்யாணமாகி எங்கயாவது போயிருப்பா.”

“பதிலைப் படிச்சிருப்பாளா?”

“படிக்காம இருப்பாளா!”

“படிச்சிட்டு என்ன நெனச்சாளோ. ஒரு வரி எழுதியிருக்கலாம்.”

பதினோரு வருடம். புத்தகத்தை மக்கள் மறந்துவிட்டார்கள். வேறு பேய்கள் வந்துவிட்டன, நல்ல ரத்தத்தோடு. அட்டை கிழிந்து, அந்தக் கோரைப்பல் பெண் போய்ச் சேர்ந்தாள். நான் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு, ‘ஊசி’ என்று எழுதி வைத்தேன். ரொபியா ஆசிரியையாகி, ஆற்றின் மேல்புறம் இரண்டு நாள் பயணத் தூரத்தில் இருந்த ஒரு ஊருக்குப் போய், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டாள். கல்யாணத்துக்கு லோங்கை அழைக்கவில்லை. தகப்பன் சம்மதம் வேண்டுமே என்று கையெழுத்துக்கு மட்டும் காகிதம் வந்தது. நீல மையில் போட்டு அனுப்பினார்.

ஒரு காலை படகில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் டிக்கெட்டை வாங்கிக் கிழித்துக்கொண்டிருந்தபோதே லோங் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. பாதி கிழித்த டிக்கெட் ஒன்று கையில் இருந்தது என்றார்கள்.

தந்தி கிடைத்து ரொபியா வந்து சேர்ந்தபோது அடக்கமாகி மூன்று நாள். ஏழாம் நாள் துஆவுக்காகப் பெண்கள் எல்லோரும் அவர் வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். ரொபியா வாசல் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்தாள், அதே நுனியில். முகம் அப்படியே மஸ்னா. அவள் அழவில்லை. அவளைப் பார்க்கப் பொறுக்காமல் எனக்குத்தான் வெங்காயம் உதவி செய்தது.

சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அந்தப் புத்தகம் இன்னும் உங்க கடையில இருக்கா, மாக் உசு?”

“இருக்கும்மா. உங்க அபா கடைசி வரைக்கும் நீ அதைப் படிக்கலன்னே நெனச்சிட்டிருந்தார். அட்டையைப் பார்த்து வெறுத்துட்டேன்னு.”

“படிச்சேனே. வந்த முதல் மாசமே படிச்சேன். நான் போய் வாங்கினா சிரிப்பாங்கன்னு டயாங்கை விட்டு எடுத்துட்டு வரச் சொன்னேன். ஒரு ராத்திரியில ரெண்டு தடவை படிச்சேன்.” வெங்காயத் தோல் ஒன்றை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டாள். “அம்மா கையில ஊசி குத்தினதும், அபா தலையாட்டினதும் எனக்கு முன்னாடியே தெரியும். பெரியம்மா சொல்லியிருக்காங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும்னு இருந்துச்சு. அதைக் கேட்டு எழுதினேன். வெள்ளிக்கிழமைதோறும் அங்க வந்து படிப்பார்னு டயாங் சொன்னா.”

என் கையில் இருந்த கத்தி நின்றுவிட்டது.

“பதில் எழுதியிருந்தார்” என்றாள். “செவப்பு மையில. சோம்பலாம். எடுக்கலையாம்.” ஒரு மாதிரி சிரித்தாள். லோங்கின் சிரிப்பு அது. “அதுக்கப்புறம் நான் எதுக்கு வரணும்?”

நான் வாழ்நாள் முழுக்கக் கதை சொல்லிப் பிழைத்தவள். கெளுத்திக்குப் பொய்ப்பல் மாட்டியவள். அந்த நேரத்தில் ஒரு சின்னப் பொய் சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. என் தொண்டையில் அப்படி ஒன்றும் வரவில்லை.

“அது நான் எழுதினதும்மா” என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. நான் எழுந்து, பலகைப் பாதையில் ஓடினேன். ஐம்பது வயதுக்காரி ஓட்டம். புத்தகத்தையும் என் சிவப்புப் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்தேன். அவள் எதிரிலேயே ஒரு டிக்கெட்டின் பின்னால் சிவப்பில் ‘ஆசிரியர்’ என்று எழுதிக் காட்டினேன். பிறகு ஏழாவது தாளைத் திறந்தேன். நீல மையைக் காட்டினேன்.

“நீ பார்த்துட்டுப் போனதுக்கு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை எழுதினார். கேட்டது நீன்னு அவருக்குத் தெரியாது. பதினோரு வருஷமா வெள்ளிக்கிழமை தவறாம, பென்சில் வந்துச்சான்னு என்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தார்.”

அவள் படித்தாள். மூன்றே வரி. ஒரு புத்தகத்தைப் படிக்கிற நேரம் எடுத்துக்கொண்டாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும்.

தலையை நிமிர்த்தினாள். “எந்தக் கை, மாக் உசு?”

“என்னம்மா?”

“எந்தக் கையில எடுத்தார்? வலதா, இடதா?”

நான் கேட்கவில்லை. அவர் அத்தனையும் சொன்னபோது, சட்டைக் காலர் வரைக்கும் சொன்னபோது, அதைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. சொல்லக்கூடிய ஒரே ஆளைப் புதைத்தாயிற்று.

ரொபியா தன் கைப்பையில் தேடி ஒரு பென்சிலை எடுத்தாள். வாத்தியாரம்மா பை, பென்சில் இல்லாமல் இருக்குமா. நீல எழுத்துக்குக் கீழே, அதே மெல்லிய கையெழுத்தில் எழுதினாள்: “எந்தக் கை, அபா?” புத்தகத்தை மூடி என் மடியில் வைத்தாள்.

“இதை எடுத்து உள்ள வெச்சிடறேன்மா. இனிமே யாருக்கும் தரமாட்டேன்.”

“இல்ல. வாடகைக்கு விடுங்க” என்றாள். “யாராவது படிக்கட்டும்.”

விட்டேன். எங்கள் ஜனங்களுக்குத்தான் கை சும்மா இருக்காதே. அவள் கேள்விக்குக் கீழே எழுத ஆரம்பித்தார்கள். “வலது கையாகத்தான் இருக்கும், ஆண்கள் அவசரத்தில் வலது பக்கம்தான் போவார்கள்” என்றொருவர். “இடது. நெஞ்சுக்குப் பக்கம்” என்று ஒரு பெண். அகியோங்கின் மகன், “என் அப்பா இதில் ரத்தம் இல்லை என்றார். அவர் சரியாகப் படிக்கவில்லை” என்று எழுதினான். ருஸ்தாம் கிழவர் நடுங்கும் கையால், “எங்கள் கரைப் பீரங்கி இந்த வருடம் வெடிக்கவில்லை. மழை என்று சொல்லிவிட்டோம்” என்று எழுதிவிட்டுப் போனார். அன்றைக்கு நல்ல வெயில். எட்டுத் தாளும் தீர்ந்துபோய் இன்னும் எட்டுத் தைத்தேன். சிவப்புப் பேனாவை நான் திரும்பத் தொடவில்லை.

ரொபியா வருடத்துக்கு ஒருமுறை வருகிறாள். பெருநாள் இரண்டாம் நாள், இரண்டு நாள் படகில் வந்து, தகப்பனின் கப்ருக்குப் போய்விட்டு என் வீட்டுக்கு வருவாள். வாசல் பக்கத்துப் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து புதிதாக எழுதியிருப்பதை எல்லாம் ஒவ்வொன்றாகப் படிப்பாள். சிலதுக்குச் சிரிப்பாள். படித்து முடித்ததும் முதல் தாள் வரைக்கும் ஒருமுறை வேகமாகப் புரட்டிப் பார்ப்பாள், தவறவிட்டது ஏதாவது இருக்கிறதா என்பது போல.

போன வருடம் புத்தகத்தை மூடிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், விளையாட்டுப் போலக் கேட்டாள்: “நீல மையில ஏதாவது வந்துச்சா, மாக் உசு?”

நான் கேக்குத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். நானே சுட்டது. இருபது அடுக்கு. ஒரே ஒரு துண்டு எடுத்தாள்.